கெட்டித் தண்ணீர்

விரலில் ஈரத்துணியைச் சுற்றி, செத்துப்போன அம்மாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள் மகள். தாடை இறுகிவிட்டால் பிறகு முடியாது. நாக்கு அடியிலிருந்து நுனிவரை காய்ந்து வெடித்திருந்தது.

முன்னறையில் தம்பியின் குரல் கேட்டது.

“முந்தாநாள் கப்பல்லேர்ந்து வந்து எறங்கினதும் நேரா இங்கதான் வந்தேன். தண்ணி தண்ணின்னாங்க. ஒரு டம்ளர் குடுத்தேன், மடமடன்னு குடிச்சாங்க. என் கையாலதான் கடைசித் தண்ணி.”

“நீ குடுத்து வெச்சவன்டா,” என்றாள் அத்தை. “கூடவே இருந்தவளுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க மனசு வரலியே. கல்நெஞ்சுக்காரி.”

மகளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துபோய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தையின் வாய் அடைத்துவிடும். தம்பியின் வாயும்தான், ஆயுசுக்கும்.

அம்மா பஸ் கண்டக்டராக இருந்தவள். வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று டிப்போவே சொல்லும். பக்கவாதம் அந்த வாயில்தான் கை வைத்தது. தொண்டைக்குள் சோற்றுக்கு ஒரு வழி, மூச்சுக்கு ஒரு வழி, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். விழுங்கும்போது மூச்சுக்குழாயை ஒரு சின்ன மூடி மூடிக்கொள்ளும். அம்மாவுக்கு அது நேரத்துக்கு மூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கெட்டியாக இருந்தால் மெதுவாக இறங்கும். வெறும் தண்ணீரோ மூடி மூடுவதற்குள் நுரையீரலுக்குள் ஓடிவிடும். அதனால் தண்ணீரில் ஒரு மாவைக் கலக்கிக் கூழாக்கி, தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள் மகள்.

“இது தண்ணியாடி? போஸ்டர் ஒட்டற பசை,” என்று குழறுவாள் அம்மா. பிறகு கெஞ்சுவாள். பிறகு ஜெயில் வார்டனைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். மகள் ஒருநாளும் இளகவில்லை.

முந்தாநாள் தம்பி டம்ளரைத் தூக்கியபோது அவள் வாசற்படியில்தான் நின்றாள். “டேய்” என்பதற்கு வாயைத் திறந்தும்விட்டாள். டம்ளர் விளிம்புக்கு மேலே அம்மாவின் கண்கள் அவளைப் பார்த்தன. சொல்லாதே என்றன. குரல் எழும்பவில்லை. அம்மா குடித்தாள், இருமினாள், இருமலுக்கு நடுவே சிரித்தாள். ராத்திரியே காய்ச்சல். நெஞ்சு கொரகொரத்தது. இன்று விடியும்போது எல்லாம் முடிந்தது. டாக்டர் மகளைத் தனியாக அழைத்துச் சொன்னது அவளுக்கு முன்பே தெரிந்ததுதான்.

துணியை அலசிப் பிழியும்போது தம்பி உள்ளே வந்தான். கையில் ஒரு டப்பா.

“அக்கா, அடுப்படில இருந்துச்சு. என்னது இது?”

“அம்மாவுக்குத் தண்ணில கலக்கறது.”

“தண்ணில எதுக்குக் கலக்கணும்?”

அவன் முகம் வெளுத்திருந்தது. அத்தை சொன்னதெல்லாம் இன்னும் அவள் காதில் எரிந்துகொண்டிருந்தது.

“சத்துக்கு,” என்றாள்.

“தண்ணி குடிச்சப்புறம்தானே அந்த இருமல்...”

“அதுக்கு முன்னாடியே சளி இருந்துச்சுடா.”

அவன் நகரவில்லை. அம்மாவோடு ஒரே பஸ்ஸில் ஓடிய பழைய டிரைவர் அப்போதுதான் வந்து, அம்மாவின் காலடியில் நின்றார்.

“கடைசியா என்னப்பா சாப்ட்டா?”

தம்பி வாயைத் திறந்தான். காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லோரிடமும் சொன்னதுதான், இப்போது வரவில்லை.

“தண்ணிங்க,” என்றாள் மகள். “இவன் கையால. சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சாங்க.”

“அவ்வளவு தாகத்துலயா வெச்சிருந்த? நீ ஏம்மா குடுக்கல?”

“எனக்குத் தோணலீங்க.”

டிரைவர் அவளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பியின் தோளில் தட்டிக்கொடுத்தார். தம்பி டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.