சிங்கத்துக்கு லைட் வேண்டும்

பட்டறையில் என்னைச் சிங்கம் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தெட்டு வருஷம் வெல்டிங் வேலை. மற்றவர்கள் ஷீல்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு குச்சியை இரும்பில் தட்டுவார்கள். நான் வெறுங்கண்ணோடு தட்டி, பொறி பற்றிய பிறகுதான் ஷீல்டைத் தூக்குவேன். "அவனுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது" என்று கூட வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர், பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் மறுக்கவில்லை. சும்மா கிடைக்கிற பெயரை எவன் வேண்டாம் என்பான்?

இப்போது சொல்லிவிடுகிறேன். ஷீல்டில் இருக்கிற கறுப்புக் கண்ணாடி வழியாகப் பொறி மட்டும்தான் தெரியும். அது பற்றுகிற வரைக்கும் கும்மிருட்டு. மிஞ்சிப் போனால் இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடியை என்னால் தாங்க முடியாது. எனக்கு இருட்டென்றால் பயம். சின்ன வயதிலேயே உண்டு, பெரியவனானால் போய்விடும் என்றார்கள். மீசை வந்தது, கல்யாணம் வந்தது, மகள் வந்தாள், மூட்டுவலியும் வந்தது. போக வேண்டியது மட்டும் போகவில்லை.

இது வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும். கல்யாணமான முதல் வாரம், "லைட்டை அணைங்க" என்றாள். "அணைக்க மாட்டேன்" என்றேன். அன்றைக்கு ஒரு துண்டை மடித்துக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்தவள், நாற்பத்தொரு வருஷமாக அப்படித்தான் தூங்குகிறாள். துண்டுகள் கிழிந்து மாறின. நான் மாறவில்லை.

வலது கண் இருபது வருஷம் முன்பே சூடான வெல்டிங் கசடு தெறித்துப் போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணில் போன வருஷம் புகை மூட்டம். முதலில் அடுக்களையில் ஏதோ கருகுகிறது என்று வீட்டுக்காரியைத் திட்டினேன். பிறகு தெருவும் கருகியது, டிவியும் கருகியது. மகள் என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா பொடிப் பெண். என் வெல்டிங் மெஷினுக்கு அவளைவிட வயது அதிகம். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஐயா, கறுப்புக் கண்ணாடி போட்டுத்தானே வேலை செஞ்சீங்க?"

"போட்டுத்தான்."

"போட்டாரு டாக்டர்" என்றாள் வீட்டுக்காரி. "கண்ணுல வாங்க வேண்டியதை எல்லாம் வாங்கின பிறகு போட்டாரு."

புரை முற்றிவிட்டதாம். இன்னும் மூன்று மாசம் தள்ளினால் ஆபரேஷன் செய்தாலும் பார்வைக்கு உத்தரவாதம் இல்லையாம். என் கேஸில் தையல் போட வேண்டியிருக்குமாம், அதனால் அடுத்த நாள் காலை வரை கட்டை அவிழ்க்கக் கூடாதாம். இருப்பதே ஒரு கண். அதையும் கட்டிவிட்டால் மீதி என்ன?

ஒரு நாள் இருட்டா, ஆயுசு முழுக்க இருட்டா? மூளை உள்ள எவனும் யோசிக்க மாட்டான். நான் இரண்டு மாசம் யோசித்தேன்.

முதல் தேதி கொடுத்தபோது எனக்கு இருமல் வந்தது. இரண்டாவது தேதிக்கு இருமல் போதவில்லை, அதனால் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தைப் பிடித்துக்கொண்டேன். மகள் வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள். நான்கு பக்கத்தையும் எழுத்து விடாமல் படிக்கச் சொன்னேன். "எதிர்பாராத விளைவுகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்கிற வரிக்கு வந்ததும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"அப்பா, இது எல்லாருக்கும் போடறது."

"எல்லாருக்கும் பொறுப்பில்லைன்னு சொல்றவன்கிட்ட நான் மட்டும் ஏம்மா கண்ணைக் குடுக்கணும்?"

படியில் இறங்கும்போது வீட்டுக்காரி மகளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நாற்பத்தொரு வருஷ ரகசியம், மூன்று படிக்கட்டில் முடிந்தது. மகள் சிரித்திருந்தால் பொறுத்திருப்பேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

அடுத்த வாரம் மனநல ஆலோசகர். குளிரூட்டிய அறை, மெத்தென்ற நாற்காலி, மூலையில் பிளாஸ்டிக் செடி. செடியிலேயே உண்மை இல்லாதவனிடம் நான் என்ன உண்மை பேசுவது?

"சின்ன வயசுல இருட்டுல ஏதாவது நடந்துதா? எங்கயாவது மாட்டிக்கிட்டீங்களா?"

"இல்லீங்க."

"யாராவது பூட்டி வெச்சாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப எதனாலன்னு நினைக்கிறீங்க?"

"இருட்டா இருக்கறதனாலதான்."

அதையும் எழுதிக்கொண்டார். தினம் ஒரு நிமிஷம் இருட்டில் உட்கார்ந்து மூச்சை இழுத்து விட வேண்டும், ஒவ்வொரு நாளும் ஒரு நிமிஷம் கூட்ட வேண்டும், நோட்டில் குறிக்க வேண்டும் என்றார். குளியலறையில் லைட்டை அணைத்து முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கதவை நாலு விரல் திறந்து வைத்துக்கொண்டேன். அது கூடாது என்று அவர் சொல்லவில்லை. பத்தாம் நாள் நோட்டில் பத்து நிமிஷம் என்று எழுதினேன். கதவு அப்போது முக்கால்வாசி திறந்திருந்தது. ஆலோசகர் நோட்டைப் பார்த்து, "பிரமாதமான முன்னேற்றம்" என்றார். கதவின் முன்னேற்றத்தை அவர் கேட்கவில்லை.

மூன்றாவது தேதிக்கு நான் போனதற்கு அந்த நோட்டு காரணமில்லை. ஒரு நாள் காலையில் வாசலில் ஒருத்தி நின்று மணி அடித்தாள். "யாரும்மா நீ, என்ன வேணும்?" என்றேன். என் மகள். கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யச் சொன்னேன்.

ஆபரேஷன் பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கட்டுப் போட்டார்கள். வீட்டில் லைட் எரியும்போது கண்ணை மூடினால் இமைக்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம் இருக்கும், அதை வைத்துத்தான் நான் தூங்குவது. இந்தக் கட்டு அப்படியில்லை. பஞ்சு, அதன்மேல் துணி, அதன்மேல் மூடி, அதன்மேல் பிளாஸ்திரி. பட்டறையில் கேஸ் சிலிண்டரைக்கூட இவ்வளவு பத்திரமாக மூடியதில்லை.

பகலெல்லாம் வார்டில் சத்தம் இருந்தது. தள்ளுவண்டி, பாத்திரம், யாரோ யாரையோ திட்டுவது. திட்டு கேட்கிற இடத்தில் பயம் கொஞ்சம் குறைவு. பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டர். அவருக்கு ஒரு கண்ணில் கட்டு, மற்றொன்று நன்றாகத் தெரியுமாம். அதை மூன்று தடவை சொன்னார். மகள் சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போனாள், வீட்டுக்காரி துணைக்கு இருந்தாள். பிறகு ஒவ்வொரு சத்தமாக அடங்கியது. வியர்த்தது. கட்டைப் பிய்த்து எறிந்துவிடலாம் என்று கை தானாக மேலே போனது. வீட்டுக்காரி அதைப் பிடித்துக் கீழே வைத்தாள்.

"கட்டுல கை வெச்சீங்கன்னா தையல் பிரிஞ்சிடும்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க."

"லைட் எரியுதா?"

"எரியுது."

"எனக்குத் தெரியலியே."

"கட்டுப் போட்டா எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரிய வேணாம். எரிஞ்சா போதும்."

அவள் சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். கண்டக்டர் இருமினார்.

எனக்கு எதையும் சும்மா நம்புகிற வழக்கமில்லை. குழல் விளக்கென்றால் சோக்கு 'ம்ம்' என்று முனகும். இங்கே முனகல் இல்லை.

"எரியற லைட்டுக்குச் சத்தம் எங்க?"

"இது புது மாதிரி லைட்டுங்க. சத்தமே வராது."

"அப்ப பேப்பரை எடுத்துப் படி. பார்ப்போம்."

பையைத் துழாவும் சத்தம் கேட்டது. பிறகு தாள் சரசரத்தது. தாழ்ந்த குரலில் படிக்க ஆரம்பித்தாள்.

"ரோடு தோண்டினவங்களே திரும்பி வந்து பள்ளத்தை மூடிட்டாங்களாம்."

"எந்த ரோடு?"

"அது கீழ போட்டிருக்கு, பொடி எழுத்து. அடுத்தது. கவுன்சிலர் ஒருத்தர், தப்பு என் மேலதான்னு மன்னிப்புக் கேட்டாராம்."

"இருக்காது. நல்லாப் பாரு."

"பெரிய எழுத்துல போட்டிருக்குங்க."

"சரி, அடுத்தது."

"ஓடி வந்த வயசானவருக்காக பஸ்ஸை நிறுத்தினாராம் ஒரு கண்டக்டர்."

"இதை நான் ஒத்துக்க மாட்டேன்."

"அந்தச் செய்தி உண்மைங்க" என்றார் பக்கத்துக் கட்டில். "அம்மா, விளையாட்டுப் பக்கமும் படிங்க."

அன்றைய பேப்பரில் ஒரு கெட்ட செய்திகூட இல்லை. அறுபத்தெட்டு வருஷ அனுபவத்துக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு செய்தியோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்ததில் யோசிக்க நேரமில்லை. குறித்த நாளுக்கு முன்பே பாலத்தைக் கட்டி முடித்தார்களாம். வீட்டுச் சொந்தக்காரன் வாடகையைக் குறைத்தானாம். கை கட்டுப் பக்கம் போக மறந்துவிட்டது.

கடைசியாக ஒன்று படித்தாள். "கண் ஆபரேஷன் பண்ணின வெல்டர் ஒருத்தர், கட்டுல கை வெக்காம சமர்த்தாப் படுத்திருந்தாராம். பெண்டாட்டி சொல்றதை நம்பினாராம்."

"பேர் போட்டிருக்கானா?"

"போடல. மரியாதைக்காக விட்டுட்டாங்க போல."

எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

காலையில் டாக்டரம்மா வந்து பிளாஸ்திரி, மூடி, துணி, பஞ்சு என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. தண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டு, "என்ன தெரியுது ஐயா?" என்றாள்.

சுவரில் மாட்டிய கடிகாரம் தெரிந்தது, முள்கூடத் தெரிந்தது. அப்புறம் வீட்டுக்காரி. எப்போது இவ்வளவு நரைத்தாள் என்று நினைத்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, தூங்கவே இல்லை. முகத்தில் ஏதோ குறைந்தது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது.

"உன் கண்ணாடி எங்க?"

"வீட்ல. டிவி மேல வெச்சிட்டு வந்துட்டேன்."

கண்ணாடி இல்லாமல் அவளுக்குப் பஸ் நம்பரே தெரியாது. மடியில் கிடந்த தாளை வாங்கிப் பார்த்தேன். பேப்பர்கூட இல்லை. மருந்து சுற்றிக்கொடுத்த பழைய விளம்பரத் தாள். கட்டில், பீரோ, தள்ளுபடி விலை.

"அப்ப லைட்டு?"

அவள் டாக்டரைப் பார்த்தாள், நர்ஸைப் பார்த்தாள். கண்டக்டர்தான் வாயைத் திறந்தார். "ஒன்பது மணிக்கே அணைச்சிட்டாங்க சார். என்னோட நல்ல கண்ணுக்கே ஒண்ணும் தெரியல."

நான் யாரிடமும் ஏமாந்ததில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவன். மனநல ஆலோசகரையே ஏமாற்றியவன். டாக்டரம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "ராத்திரி முழுக்க இருட்டுல இருந்திருக்கீங்க. இனிமே பயம் போயிடும்" என்றாள். படித்தவர்களுக்கு எல்லாம் சுலபம்.

வீட்டுக்கு வந்தோம். அன்றிரவு படுக்கும்போது ஸ்விட்ச் பக்கத்தில் போய் நின்றேன். வீட்டுக்காரி துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வேணும்னா அணைக்கிறேன்" என்றேன்.

"வேணாம். அங்க துண்டும் இல்ல, லைட்டும் இல்ல. எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல. பழகினபடி விடுங்க."

அறை லைட்டை அணைத்தேன். குளியலறை லைட்டைப் போட்டுக் கதவை நாலு விரல் திறந்து வைத்தேன். அதற்குமேல் என்னிடம் யாரும் எதிர்பார்க்க வேண்டாம். வந்து படுத்தேன். அரைகுறை வெளிச்சத்தில் அவள் துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டாள், தேவையே இல்லாமல்.

கூரை பாதிதான் தெரிந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது.

"இன்னிக்குப் பேப்பர்ல என்ன?" என்றேன்.

துண்டுக்கு அடியிலிருந்தே சொன்னாள். "அந்தப் பள்ளத்தை மறுபடி தோண்டிட்டாங்களாம்."

இதை நம்பினேன்.