எமேக்கா கேட்ட இடாப்பு

எழுபத்திநாலாம் ஆண்டு, அருளம்பலம் மாஸ்ரர் குடியேறியிருந்த நோபல் பார்க் வீட்டுக்கு அந்தக் கடிதம் வந்தது. முன்பு நைஜீரியாவில் அவரிடம் கணக்குப் படித்த எமேக்கா எழுதியிருந்தான். அங்கே உள்நாட்டுப் போர் மூண்டபோது, அவர் மறித்தும் கேளாமல் முழு வகுப்புமே ஒரே தொண்டர் காலாட்படையில் போய்ச் சேர்ந்தது. வகுத்தல் கணக்கே ஒழுங்காகப் போடத் தெரியாத கழுதைகள் துவக்குத் தூக்கப் போனதுகள் என்று அவர் இன்றும் ஏசுவார். இப்போது எமேக்கா அந்தப் படையின் வரலாற்றை எழுதுகிறான்.

“படைப் பதிவில் குடும்பப் பெயர் மட்டும்தான் இருக்கிறது, சேர். செத்தவர்களில் ஒக்காஃபோர் என்ற பெயரில் மட்டும் ஐந்து பேர். உங்கள் ஊர் வழக்கப்படி நீங்கள் ஒருவர்தான் எங்களைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். அந்தப் பெயர்களை எழுதி அனுப்புங்கள்.”

மாஸ்ரர் அன்று வகுப்பில் கூப்பிட்ட வரவு இடாப்பின் வரிசையிலேயே சத்தமாகச் சொல்லிச் சொல்லி எழுதினார். ஒபின்னா. சிடி. இக்கென்னா. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் சற்றுப் பொறுத்துத்தான் அடுத்ததற்குப் போனார்.

குசினியிலிருந்து மனைவி இராசமலர் எட்டிப் பார்த்தாள். “கெதியா எழுதி முடிக்கிறதுக்கு, ஏன் நிண்டு நிண்டு சொல்லுறியள்?”

“பிள்ளையள் ‘பிரசன்ற் சேர்’ சொல்ல வேணுமெல்லோ,” என்றார் மாஸ்ரர்.