கரண்ட் இல்லாமல் எரிந்த தெருவிளக்கு

அல்லிப்பாக்கத்தில் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் குற்றவாளி மணவாளன்தான். பஞ்சாயத்து ரேடியோ போடுகிற ஆள் அவன். சாயங்காலமானால் ரேடியோ ரூமைத் திறந்து ஸ்விட்சைத் தட்டுவான். கூரைமேல் இருக்கும் குழாய் ஸ்பீக்கரில் செய்தியும் வானிலையும் ஊர் முழுக்கக் கேட்கும். அவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் அந்த ஊரில் யாரும் 'ரேடியோவில் சொன்னார்கள்' என்று சொல்வதில்லை. 'மணவாளன் சொன்னான்' என்றுதான் சொல்வார்கள். சென்னையில் யாரோ படித்த அறிக்கைக்கு இங்கே இவன் பதில் சொல்லியாக வேண்டும்.

"இன்னா மணவாளா, மழ வராதுன்னியே? காயப் போட்ட வேர்க்கல்ல மொத்தமும் நனைஞ்சி பூட்ச்சே!" என்று உண்ணாமலை ஒருமுறை அவனை நடுத்தெருவில் பிடித்துக்கொண்டாள். அறுப்புக்குப் போகும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. அவள் வாய்க்குப் பயப்படாத ஆண்பிள்ளை சாலவாக்கம் வரைக்கும் கிடையாது.

வேறொருவனாக இருந்தால், 'நானா சொன்னேன், மெட்ராஸ்காரனைப் போய்க் கேள்' என்று கழன்றுகொண்டிருப்பான். மணவாளன் தலையைச் சொறிந்துகொண்டு, "தப்பா பூட்ச்சிக்கா" என்றான். விஷயம் கேள்விப்பட்டு அவன் மனைவி எல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அவனுக்கோ உள்ளூரப் பெருமை. ஊர் தன்னைக் கேள்வி கேட்கிறதென்றால் தன்னை ஒரு ஆளாக மதிக்கிறது என்று எடுத்துக்கொள்கிற அப்பாவி அவன்.

எண்பத்தொன்பதாம் வருஷச் சட்டசபைத் தேர்தல் வந்தது. ரேடியோவில் பேச ஒவ்வொரு கட்சிக்கும் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் தாண்டவராயன் ஒரு கட்சி, உண்ணாமலை எதிர்க்கட்சி. மணவாளன் தலைவர் கட்சிதான். சாதாரணக் கட்சிக்காரன் இல்லை, கட்சிக்கரை வேட்டி கட்டிக்கொண்டு தாலி கட்டியவன். முதல் பேச்சு எதிர்க்கட்சிக்கு வந்தது. தலைவர் கட்சியின் பேச்சு மறுநாள்.

அன்று மத்தியானமே தாண்டவராயன் ரேடியோ ரூமுக்கு வந்துவிட்டார்.

"இன்னிக்கி அவனுங்க பேச்சு வருதாமே?"

"ஆமாங்க தலைவரே, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால."

"நம்ம ஊருல வராது. கரண்ட் பூட்ச்சின்னு சொல்லிடு."

"சர்க்கார் பொட்டிங்க இது. எல்லாருக்கும் பொதுவாச்சே..."

"பொட்டி சர்க்காருது. சாவி பஞ்சாயத்துது. உன் வேல இன்னும் பர்மனெண்ட் ஆவல, நெனப்புல கீதா?"

மணவாளனுக்கு நெனப்பில் இருந்தது. வேறு எதுவும் நெனப்பில் இல்லாத அளவுக்கு இருந்தது. காணி நிலம் கிடையாது. அந்தச் சம்பளம் நின்றால் வீட்டில் அடுப்பு நின்றுபோகும். சரிங்க என்றான்.

நேரம் வந்ததும் கூரை ஸ்பீக்கருக்குப் போகும் ஸ்விட்சை அணைத்தான். பெட்டியை அணைக்க மனசு வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே இருந்த சின்ன ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டான். ஊருக்குக் கிடைக்காதபடி தான் நிறுத்திய பேச்சு என்னவென்று தனக்காவது தெரிய வேண்டாமா என்று அவனுக்குத் தோன்றியது. கேட்கக் கேட்கக் கோபம்தான் வந்தது. அவன் கட்சியைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு சொல் விடாமல் கேட்டான். வெளியே யாரோ கதவைத் தட்டியபோது, "கரண்ட் இல்ல" என்று குரல் கொடுத்தான்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் பொய் சொன்னால் இப்படித்தான் ஆகும். தெருவிளக்குக்கும் அதே ரூமில்தான் ஸ்விட்ச். பொழுது சாய்ந்ததும் வழக்கம்போல அதை அவன்தான் போட்டிருந்தான். கரண்ட் இல்லாத அல்லிப்பாக்கத்தில் தெருவிளக்கு அத்தனையும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை ஏகாம்பரத்தின் டீக்கடை முன்னால் உண்ணாமலை கையில் அரிவாளோடு நின்றாள். அறுப்புக்குப் போகிற வழிதான். ஆனாலும் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த மணவாளன் பெஞ்சில் ஒரு சாண் பின்னால் நகர்ந்தான். அவளுக்குப் பின்னால் அறுப்பு ஆட்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள்.

"நேத்து கரண்ட் இல்லியாமே? தெருவுல வெளக்கு எப்டி எரிஞ்சிது? மண்ணெண்ண ஊத்துனியா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மணவாளன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"கரண்ட் இருந்துச்சிக்கா. நான்தான் நிறுத்துனேன்."

யார் சொல்லி என்று யாரும் கேட்கவில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

"சரி, உள்ள நீ கேட்டுக்கினு தானே இருந்தே? கதவு சந்துல சத்தம் வந்துதே. இன்னா சொன்னான்? மழ வரும், வெயில் வரும்னு தெனம் சொல்றியே, இதையும் நீயே சொல்லு."

மணவாளன் யோசித்தான். இத்தனை நாள் பெட்டி சொன்னதற்கெல்லாம் பதில் சொன்னவன், தான் சொல்லவிடாமல் செய்ததற்கும் பதில் சொல்ல வேண்டுமா வேண்டாமா? வேண்டும் என்றுதான் பட்டது. வெட்கமாகவும் இருந்தது. எழுந்து நின்று சொல்ல ஆரம்பித்தான்.

பம்புசெட்டுக்குக் கரண்ட் தருவோம் என்றதைச் சொன்னான். உரத் தட்டுப்பாட்டுக்கு யார் காரணம் என்றதைச் சொன்னான். தன் கட்சியை அவர்கள் திட்டியதை ஒரு வசவு குறைக்காமல், அந்தப் பேச்சாளர் எங்கே நிறுத்தி எங்கே குரலை ஏற்றினாரோ அப்படியே ஏற்றி இறக்கிச் சொன்னான். எதிர்க்கட்சிக்காரர்கள் கை தட்டினார்கள். அவன் நிறுத்தவில்லை. தாண்டவராயனின் புல்லட் வந்து பின்னால் நின்றதை அவன் பார்த்தான். அப்போதும் நிறுத்தவில்லை. மிச்சமிருந்ததையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

"எப்போடா கட்சி மாறுனே?" என்றார் தாண்டவராயன்.

"மாறலீங்க தலைவரே. என் ஓட்டு நமக்குத்தான்."

"அப்ப எதுக்குடா அவனுங்க பேச்ச இங்க கொட்டுனே?"

"கேட்டாங்க."

தாண்டவராயன் கையை நீட்டினார். மணவாளன் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தான்.

வீட்டில் எல்லம்மாள், "இப்ப சந்தோசமா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகமாகவே சோறு போட்டாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் தலைவரே ரூமைத் திறந்து, தன் கட்சிப் பேச்சை முழுச் சத்தத்தில் வைத்தார். பாதிப் பேச்சில் ஸ்பீக்கர் டப்பென்று நின்றது. தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்தார்கள். ரேடியோ ரூம் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மணவாளனும் போய் ஓரமாக நின்றான்.

"ஃப்யூஸ் பூட்ச்சி" என்றார் தாண்டவராயன்.

"நேத்து கரண்ட், இன்னிக்கி ஃப்யூசா?" என்றாள் உண்ணாமலை.

"எங்க கட்சிப் பேச்ச நானே நிறுத்துவனா? புத்தி கீதா உனக்கு?"

"உனுக்கு ஆவாதது ஏதோ உள்ள வந்துகீது. அதான் அமுக்கிட்ட."

கூட்டம் ஆமோதித்தது. அவர் கட்சிக்காரர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாண்டவராயன் சாமி மேல் சத்தியம் செய்தார். பெத்த பிள்ளை மேல் சத்தியம் செய்தார். பாவம், மனுஷன் அன்றைக்குச் சொன்னது உண்மை. ஓட்டுப் போட்டு உட்கார வைத்த ஊர் அந்த ஒரு உண்மையை நம்ப மறுத்தது. கடைசியில் கூட்டத்துக்குள் கண்ணை ஓட்டி, "மணவாளா, நீ பாத்து சொல்லுடா" என்றார். அது கெஞ்சல் போலத்தான் இருந்தது.

மணவாளன் உள்ளே போனான். ரேடியோவுக்குப் போகும் ஃப்யூஸ் கம்பி மட்டும் கருகியிருந்தது. நல்லாத்தான் கீது என்று ஒரு வார்த்தை வெளியே போய்ச் சொன்னால் போதும், இந்த மனுஷனின் மானம் கப்பலேறிவிடும். சோறு போடும்போது எல்லம்மாள் முகம் இருந்த இருப்பு நினைவுக்கு வந்து, அப்படிச் சொல்லிவிடலாம் என்று ஆசையும் எழுந்தது. வெளியே வந்தான்.

"ஃப்யூஸ்தான்கா" என்றான்.

"அப்பிடியா? சரி வாங்கடி, அவன் சொல்லிட்டான்" என்று உண்ணாமலை திரும்பி நடந்தாள். மற்றவர்களும் கலைந்தார்கள். ஒருவரும் மறுபடி ஒரு கேள்வி கேட்கவில்லை.

தாண்டவராயன் போகிறவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊர் அவனை நம்புகிற நம்பிக்கையில் கால்வாசி தனக்கு இல்லை என்பது அவருக்கு உறைத்தது. சாவியை நீட்டினார். மணவாளன் வாங்காமல் நின்றான்.

"அவங்க ரெண்டாவது பேச்சு ஒண்ணு கீதுங்க தலைவரே, வர்ற வெள்ளிக்கெழம."

"தெரியும்."

"போடுவேன்."

அவர் சாவியை அவன் கையில் வைத்து அழுத்திவிட்டு, "எனக்கும் கேக்குற மாதிரி போடு" என்று சொல்லி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.