மற்ற வால்வு

என் தம்பி இரத்தினசிங்கம் கெட்டவன் இல்லை, விசரன், மூளையில்லாதவன். கெட்டவன் என்றால் வாய் நிறையத் திட்டிவிட்டுக் கிடந்திருப்பேன்.

என் மனுசன் கதிர்காமநாதன் கப்பலில் வயர்லெஸ் வேலை பார்த்தவர். கரைக்கு வந்த பிறகும் அந்தப் பைத்தியம் விடவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து, வெள்ளைக்காரன் பட்டாளம் விட்டுப்போன றேடியோப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேட்க மட்டுமல்ல, பேசவும் கூடிய பெட்டி. வெள்ளவத்தையில் எங்கள் சாப்பாட்டு மேசையில் அதை ஏற்றிவிட்டு, எங்களைத் தரையில் இருத்திச் சாப்பிட வைத்தார். துருவைச் சுரண்டினார். பவுடர் டின்னில் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுருள் செய்தார். உள்ளங்கை நீளத்தில் இரண்டு கண்ணாடி வால்வுகளை இங்கிலாந்திலிருந்து எடுப்பித்தார். அவை முதன்முதலாகப் பற்றி ஒளிர்ந்த நாளில் அவர் அழுதே விட்டார்.

பிறகு அவுஸ்திரேலியாக்காரனோடு கதை, ஜப்பான்காரனோடு கதை. அப்படி என்ன கதை? அங்கே மழையா, என்ன வால்வு போட்டிருக்கிறீர், அவ்வளவுதான். நான் அந்தப் பெட்டியைச் சக்களத்தி என்பேன்.

"அவள் உம்மளவுக்குக் கதைக்கமாட்டாள் பத்மா" என்பார்.

களவான வேலை ஒன்றுமில்லை. லைசன்ஸ் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை பொலிஸ் இன்ஸ்பெக்டர் வந்து, பெட்டியைப் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். தொண்ணூற்றாறில் கோட்டையில் குண்டு வெடித்த அதே கிழமைக்குள்ளும் அவர்தான் வந்தார். இனித் தமிழர் வீட்டில் பேசுகிற பெட்டி கூடாதாம். பெட்டியைக் கம்பியால் கட்டி அரக்கு முத்திரை வைத்தார். தொடக்கூடாது, எப்போது வந்தாலும் இது இங்கே இருக்கவேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். இவரும் தலையாட்டினார்.

இரத்தினசிங்கம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கனடாவுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்டை நம்பி எங்களோடு இருந்தான். வடக்கிலிருந்து வருகிறவர்கள் பொலிஸில் பதியவேண்டும், இவன் பதியவில்லை. ஜன்னல் பக்கமும் போகமாட்டான். நாங்கள் இருவரும் ஒரு செத்தவீட்டுக்குக் கொட்டாஞ்சேனை போன அன்று, அடுத்த ஒழுங்கையில் சுற்றிவளைப்பு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பயந்தாங்கொள்ளிக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. பெட்டி பாரம் என்று உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி மீன் பையில் போட்டு, றெயில் பாதைக்கு அங்கால் கடலில் எறிந்திருக்கிறான். வெறும் பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டுபோய்க் கால்வாயில் போட்டிருக்கிறான். ஒரே இடத்தில் போட்டால் பிடித்துவிடுவார்களாம். மூளையைப் பாவித்தாராம் துரை.

நாங்கள் வந்தபோது சிரித்துக்கொண்டு நின்றான். "அத்தான், இனி ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. எல்லாம் துப்பரவாக்கிட்டன்."

இவர் வெறும் மேசையைப் பார்த்தார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அதில முத்திரை இருந்தது தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் காலையிலேயே முத்திரையைப் பார்க்க இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்தது. இவர் என்னைக் குசினி அடுப்படிக்குக் கூப்பிட்டார். "நான்தான் போட்டனான் எண்டு சொல்லப்போறன். இவனுக்குப் பதிவில்லை, பிடிச்சா விடமாட்டாங்கள். என்னை இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். ரெண்டு நாளில வந்திடுவன்."

தம்பியை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு வெளியே போய், பயத்தில் கால்வாயில் போட்டுவிட்டேன் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். ஆட்களை இறக்கித் தேடினார்கள். சேறு வழிய வழியப் பெட்டி வந்தது. இன்ஸ்பெக்டர் அதைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. தேத்தண்ணி குடித்த மனுசனின் முகம் அந்த இடத்திலேயே மாறிப்போயிற்று.

உள்ளே இருந்ததை யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டார். கடலில் எறிந்தேன் என்றார் இவர். முதலில் கால்வாய், இப்போது கடல், நாளைக்கு எங்கே என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏற்றினார். நான் குழறி அழுதுகொண்டு பின்னால் ஓடினேன். ஒழுங்கையில் ஒரு கதவும் திறக்கவில்லை.

இரண்டு நாள் என்றவர் இரண்டு மாதமாகியும் வரவில்லை. விடிந்தால், கடலில் எறிந்ததற்குச் சாட்சியாக ஏதும் ஒதுங்கியிருக்கிறதா என்று கடற்கரையில் தேடுவேன். மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலோடு பொலிஸ் கேற்றடியில் நிற்பேன். பார்சலை வாங்குவார்கள், ஆளைக் காட்டமாட்டார்கள். ஒருநாள் காலை, கல்லுகளுக்கு நடுவில், தேங்காய் மட்டையோடும் அறுந்த செருப்புகளோடும் ஒரு வால்வு கிடந்தது. உள்ளே காற்றில்லாத கண்ணாடி, மிதந்து வந்திருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை. பிள்ளையாரே என்று அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அந்தக் கல்லிலேயே இருந்து அழுதேன்.

வீட்டில் தம்பி அதை என் கையிலிருந்து வாங்கினான். "எறிஞ்சது நான். நானே கொண்டுபோய்க் குடுக்கிறன் அக்கா."

நான் மறிக்கவில்லை. எனக்கு என் மனுசன் வேண்டும். அவன் முகம் கழுவி, நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். நானும் கூடப் போனேன்.

இன்ஸ்பெக்டர் வால்வை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் மேசையில் இரண்டும் ஒளிர்ந்து நின்றதைக் கண்டவர் அவர்.

"இது ஒன்று. இரண்டு இருந்ததே நோனா, மற்றது எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கடலில மாத்தயா" என்று அவர்கள் பாணியில் மரியாதையாகச் சொன்னேன்.

அவர் தம்பியைப் பார்த்தார். அடையாள அட்டையைக் கேட்டார், பதிவுத் துண்டைக் கேட்டார். பிறகு சுவரோர வாங்குப் பலகையில் இருக்கச் சொன்னார். என்னை மட்டும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

மற்ற வால்வு கல்லில் அடிபட்டு என்றோ தூளாகியிருக்கும். அது தெரியாத அளவுக்கு நான் மடைச்சி இல்லை. ஆனாலும் விடிந்ததும் றெயில் பாதையைக் கடந்து போய், வெயில் ஏறும்வரை கல்லுக் கல்லாகக் குனிந்து பார்க்கிறேன். பிறகு வீட்டுக்கு வந்து சமைத்து, இரண்டு பார்சல் கட்டுகிறேன்.