தலைவர் தொடையில் தோட்டா

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், உழைப்பாளிகளின் விடிவெள்ளியும், முப்பத்திரண்டு ஆண்டுகளாக வலது தொடையில் துப்பாக்கித் தோட்டாவைத் தாங்கி நடப்பவருமான ஆலைத் தொழிற்சங்கத் தலைவர் அவர்கள், இன்று காலை பத்து மணிக்கு எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் கால் முதலாக எழுந்தருளுகிறார்.

இதைச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுத்தான் செயலாளர் மருத்துவமனைக்கே வந்தார். ஸ்கேன் அறை வாசலில் கொடுத்த படிவத்தையும் அவரே நிரப்பினார். உடலுக்குள் உலோகம் ஏதும் உண்டா என்ற கேள்விக்குக் கொட்டை எழுத்தில் பதில் போட்டார்: ‘உண்டு. தோட்டா. வலது தொடை.’

அதைப் படித்த டெக்னீஷியன் பெண் பேனாவை மூடினாள்.

“அப்போ எடுக்க முடியாதுங்க. உள்ளே இருக்கிறது பெரிய காந்தம். தோட்டா அசைஞ்சா பக்கத்து ரத்தக்குழாயைக் கிழிச்சிடும்.”

சக்கர நாற்காலியில் இருந்த தலைவர் தன் வலது பாதத்தைக் குனிந்து பார்த்தார். வலது பெருவிரல் கறுத்துப் பத்து நாளாகிறது. காலுக்கு ரத்தம் போகும் குழாய் எங்கேயோ அடைத்திருக்கிறது. அடைப்புக்குக் கீழே குழாய் திறந்திருந்தால் பைபாஸ் செய்யலாம். இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று அறுவை மருத்துவர் சொல்லியிருந்தார். எது என்பதை இந்தப் படம்தான் சொல்லும். சி.டி. எடுக்கலாமென்றால், அதற்கு ஏற்றும் மருந்து போன தடவை மூச்சையே நிறுத்தப் பார்த்தது. அறுவைக்கு நாளை காலை நேரம் குறித்தாகிவிட்டது.

“பழைய தோட்டாம்மா. அசையாது,” என்றார் தலைவர்.

“பழசோ புதுசோ, எக்ஸ்ரே பார்க்காம உள்ளே விட மாட்டேன்.”

“எக்ஸ்ரே எல்லாம் வேண்டாம்.”

“எடுக்கட்டும் தலைவரே,” என்றார் செயலாளர். “பிரதி ஒண்ணு வாங்கிச் சங்கத்துல மாட்டிடுவோம்.”

தலைவரின் மனைவி அவர் காதோரம் குனிந்தாள். “சொல்லித் தொலைங்களேன். கால் போனா அப்புறம் தோட்டாவை எங்கே வெச்சுக்கப் போறீங்க?”

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆலை வேலைநிறுத்தத்தன்று, காயத்தைக் கழுவிக் கட்டியவள் அவள்தான். போலீஸ் வானத்தைப் பார்த்துச் சுட்ட சத்தத்துக்கே ஆலையின் பின்பக்கமாக ஓடி, முள்வேலியைத் தாண்டிக் கிழித்துக்கொண்ட தொடை அது. மறுநாள் யாரோ ‘தோட்டாவா?’ என்று கேட்டார்கள். அவர் இல்லை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு சங்கத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவன் எவனும் தேறவில்லை.

தலைவர் செயலாளரைத் தண்ணீர் வாங்க அனுப்பினார். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும் குரலை டெக்னீஷியன் காதுக்கு மட்டும் எட்டும்படி இறக்கினார்.

“தோட்டா இல்லைம்மா. வேலிக்கம்பி.”

“கம்பி உள்ளே இருக்கா?”

“வேலியிலேயே இருக்கு.”

டெக்னீஷியன் சிரிக்கவில்லை. “ஐயா, எங்கப்பா உங்க ஆலைதான். அந்தக் கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். படம் எடுக்கணுமேன்னு இப்ப மாத்திச் சொல்றீங்களோ என்னவோ. எக்ஸ்ரே ரெண்டு நிமிஷம்தான்.”

பொய்யைச் சொன்ன காலத்தில் ஒருவரும் ஆதாரம் கேட்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக உண்மையைச் சொன்னால் எக்ஸ்ரே கேட்கிறார்கள். தலைவர் தலையாட்டினார்.

எக்ஸ்ரேயில் எலும்பு இருந்தது. எலும்பைச் சுற்றி ஒன்றும் இல்லை. தண்ணீர் பாட்டிலோடு திரும்பிய செயலாளர், திரையைப் பார்த்தபடி நின்றார். பாட்டிலை யாரிடமும் கொடுக்கவில்லை.

“கட்டில் தானா நகர்ந்து நகர்ந்து வயித்துலேர்ந்து பாதம் வரைக்கும் எடுக்கும்,” என்றாள் டெக்னீஷியன், தலைவர் கையில் ஊசியைப் பொருத்திக்கொண்டே. “இது சி.டி. மருந்து இல்லை, வேற. ஏறும்போது கை ஜில்லுன்னு இருக்கும். கால் ஒரு நூல் அசைஞ்சாலும் படம் கலைஞ்சிடும். இந்த மருந்தை இன்னிக்கு ரெண்டாவது தடவை ஏத்த முடியாது.”

எந்த நிர்வாகத்துக்கும் அடங்காதவர் என்று பேரெடுத்த மனிதர் அடங்கிக் கிடந்தார். இயந்திரம் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவதுபோல இரைந்தது. மருந்து முழங்கையைத் தாண்டிக் குளிர்ந்தது. கட்டில் நகர்ந்து நின்றது, இடுப்பு. மறுபடி நகர்ந்தது, தொடை. படுத்தால் பெருவிரலில் வழக்கமாக வரும் வலி, நேரம் பார்த்து வந்து சேர்ந்தது. யாரோ விரலுக்குள் ஊசியை விட்டுத் துழாவுகிற மாதிரி இருந்தது. இன்னும் ஒரே ஒரு நகர்வுதான் பாக்கி. கால் துள்ளப் பார்த்தது. வேலி தாண்டி ஓடிய அதே கால். இன்றைக்கு மட்டும் ஓடாதே என்று அதைக் கெஞ்சினார்.

அது ஓடவில்லை.

மத்தியானம் அறுவை மருத்துவர் திரையில் விரல் வைத்துக் காட்டினார். தொடையில் ஒரு சாண் நீளத்துக்குக் குழாயே காணோம். ஆனால் முழங்காலுக்குக் கீழே இரண்டு குழாய்கள் நூல் மாதிரி வெள்ளையாகப் பாதம்வரை இறங்கின.

“பைபாஸ் பண்ணலாம். கால் தப்பிச்சுது. விரல்தான் செத்துப்போச்சு. நடந்தா வலிக்கிறது எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷம்,” என்றாள் மனைவி.

“அப்பவே வந்திருந்தா விரலும் தப்பிச்சிருக்குமே. ஏன் வரலை?”

இரண்டு வருஷமாகத் தலைவர் நூறடிக்கு ஒருதரம் நொண்டி நிற்பார். பார்த்தவர்கள் எழுந்து நாற்காலி போடுவார்கள். உட்கார்ந்ததும் வலி அடங்கிவிடும். எழுந்து பேசுவார், கைதட்டுவார்கள்.

செயலாளர்தான் பதில் சொன்னார், யார் முகத்தையும் பார்க்காமல். “தோட்டா வலின்னு நினைச்சோம் சார்.”

மறுநாள் பைபாஸ் முடிந்ததும் பெருவிரலை எடுத்தார்கள்.