விலை ஏறும் தூண்டில்கள்

அந்த வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, இரண்டு ஜன்னல் வைத்த பெரிய அறை ஒன்று. அந்தப் பெரிய அறையில் பதினெட்டுத் தூண்டில்கள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. ஒரு நாள்கூட வேலை பார்க்காதவற்றுக்கு எதற்கு ஓய்வு என்று தையல்காரம்மா கேட்காத நாளில்லை. அவளுடைய மெஷின் நடைவழியில், குளியலறைக் கதவை ஒட்டிக் கிடந்தது. யாராவது குளிக்கப் போனால் எழுந்து நாற்காலியை நகர்த்தி வழிவிட வேண்டும்.

தூண்டில்களின் சொந்தக்காரர் அவள் கணவர். வெளியில் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர், வீட்டில் முதலீட்டாளர். பட்டம் கொடுத்தவன் அவளுடைய தம்பி. அவன் கிண்டலுக்குக் கொடுத்தான், இவர் பெருமையாக வாங்கிக்கொண்டார். ஏழு வருடத்துக்கு முன்னால், அந்த ரகத் தூண்டிலை இனிச் செய்யப்போவதில்லை என்று கம்பெனி அறிவித்தது. யாரும் சீண்டாததால்தான் நிறுத்துகிறார்கள் என்று எல்லோருக்கும் புரிந்தது. இவர் மட்டும் கடையில் மிச்சம் கிடந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். மீன் பிடிக்கத் தெரியாது, மீன் வாடையே அவருக்கு ஆகாது. கைப்பிடியில் சுற்றிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம், அதனால் அட்டைப்பெட்டியைக்கூடத் திறக்க விடமாட்டார்.

“இனிமே செய்ய மாட்டாங்க. அப்ப என்ன ஆகும்? விலை ஏறும்,” என்பார்.

“இதுவரைக்கும் யாராவது கேட்டு வந்தாங்களா?”

“வர ஆரம்பிச்சா வாசல்ல நிக்க இடமிருக்காது, பாரு.”

விலை ஏறியது என்னவோ உண்மை. பழைய பொருள் விற்கும் இணையதளத்தில் இவர் ஒரு தூண்டிலுக்கு விலை போட்டு வைத்திருந்தார். வேறு யாரோ ஒருவரும் அதே ரகத்தைப் போட்டிருந்தார். அந்த ஆள் விலையைக் கூட்டியதும், “மார்க்கெட் ஏறிடுச்சு!” என்று இவரும் ஒரு படி கூட்டுவார். இரண்டு மடங்கானதும் விற்றுவிட்டு அறையைத் தருகிறேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டு மடங்கானது. மூன்று மடங்காகட்டும் என்றார். அதுவும் ஆனது. அதன் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே அவருக்குத் தலைவலி வந்துவிடும்.

இந்த நிலையில்தான் ஒரு மருத்துவமனையிலிருந்து ஆர்டர் வந்தது. நூற்றைம்பது கட்டில் திரைகள். துணியை விரித்து வெட்ட நீளமான மேசை வேண்டும், முடியுமா முடியாதா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். இதைக் கைவிட்டால் ஆயுசு முழுக்க அடுத்தவர் கால்சட்டைக்கு ஜிப் மாற்றிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், இணையதளத்தில் விலை போட்டிருந்த அந்த இன்னொரு ஆளின் எண்ணுக்குப் போன் செய்தாள். இவ்வளவு விலைக்கு யார்தான் வாங்குகிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும். எடுத்தது ஒரு பெண்.

“தூண்டிலா? அட, வாங்கவா கேக்குறீங்க?” அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“இல்லீங்க. எங்க வீட்டுலயும் பதினெட்டு இருக்கு.”

அந்தப் பக்கம் பெருமூச்சு. “இங்க இருபத்திரண்டு. ஒண்ணுகூடப் போகல. யாரோ ஒருத்தர் விலையை ஏத்திக்கிட்டே போறாராம், அதைப் பார்த்து எங்க வீட்டுக்காரரும் ஏத்துறார். அந்தப் புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா...”

“இப்பதான் குளிக்கப் போயிருக்கார்,” என்றாள் தையல்காரம்மா, நாற்காலியை நகர்த்தியபடி.

சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். அவர் வாயைப் பிளந்தார். இடிந்துபோய்விட்டாரோ என்று அவளுக்கே ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. ஆனால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப நாங்க ரெண்டு பேர்தான் மார்க்கெட்டே!”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய், மெஷின் டிராயரில் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். “இந்தாங்க, நீங்க போட்ட அதே விலை. நானே ஒண்ணு வாங்கிக்கிறேன். முதல் வியாபாரமாவது நடக்கட்டும்.”

அவர் பணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு பணத்தை மெதுவாக அவள் பக்கமே தள்ளினார். “பேரம் பேசாம முழு விலை கொடுக்குறேன்னா, நான் குறைச்சுப் போட்டிருக்கேன்னுதானே அர்த்தம்?”

அன்று இரவு அவளுக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. ஏழு வருடம் இந்த மனுஷனை நம்பி நடைவழியில் உட்கார்ந்திருக்கிறோமே என்று அழுகை வந்தது.

மறுநாள் அவர் மீட்டர் பார்க்கப் போனதும் தம்பியை வரச்சொன்னாள். இருவருமாகப் பெட்டிகளை ஒன்பது ஒன்பதாக இரண்டு தூண் மாதிரி அடுக்கி, மேலே நீளமான பிளைவுட் பலகையைப் போட்டார்கள். உயரம் அவள் இடுப்புக்குக் கச்சிதமாக வந்தது. மருத்துவமனைக்குப் போன் செய்து, முடியும் என்று சொல்லிவிட்டாள்.

திரும்பி வந்த முதலீட்டாளர் வாசற்படியிலேயே அலறினார். “ஐயோ! விக்கணும்னா எப்படி எடுக்கிறது?”

“விக்கப்போறீங்களா? சொல்லுங்க, இப்பவே பலகையை எடுத்துடறேன்.”

அவர் நெற்றியைச் சொறிந்தார். ஜன்னலைப் பார்த்தார். “இப்ப... விக்கிற நேரம் இல்ல.”

“எப்ப வரும்?”

“இன்னும் ஏறட்டும். அஞ்சு வருஷம், பத்து வருஷம்...”

“நல்லது,” என்றாள் அவள். “துணியோட அந்த முனையைப் பிடிங்க.”

அவர் பிடித்தார்.