தேன்பாறையின் கைகாட்டி

பச்சைமலையில் தேன்பாறை என்று ஓர் ஊர். அதன் வாசலைத் திருச்சிக்காரர்கள் அத்தனை பேருக்கும் அடைத்துவைத்த பெருமை என் ஒருவனையே சேரும். ஒரே ஒரு விசிலால் அடைத்தேன்.

1938 சித்திரை மாதம். முப்பத்திரண்டு வருஷம் ரயில் இன்ஜின் ஓட்டிவிட்டு அப்போதுதான் பென்ஷனில் வந்திருந்தேன். என்னைப் போலவே வேலையற்ற ஸ்ரீரங்கத்து நண்பர்கள் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு மலை பார்க்கக் கிளம்பினேன். அங்கே வருஷக்கணக்காகத் தேன் வாங்கப் போகிறவர் பெரிய கடைவீதி நிஜாமுதீன் பாய். அவர் படித்துப் படித்துச் சொன்னார்:

"ஊர் எல்லையில ஒரு இலுப்பை மரம் இருக்கு டிரைவரே. செருப்பைக் கழட்டிட்டு அங்கேயே உக்காந்துருங்க. கூப்பிடக் கூடாது, கத்தக் கூடாது. அவங்களே தண்ணி கொண்டாந்து குடுத்துக் கூட்டிட்டுப் போவாங்க. அதுவரைக்கும் ஒரு அடி உள்ள வைக்காதீங்க."

கேட்டேனா? பூட்ஸ் காலோடு நேரே அவர்களுடைய சாமிக்காட்டுக்குள் நுழைந்தேன். போட்டோ பிடிக்க ஊரைக் கூட்டலாம் என்று பையிலிருந்த ரயில்வே விசிலை எடுத்து ஊதினேன். எட்டு மலைக்குக் கேட்டிருக்கும். நாமக்கல்லில் ஒரு பஸ் அந்தச் சத்தத்தில் கிளம்பியே போய்விட்டதாகக் கேள்வி. பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஊர்ப் பெரியவர் வீரமலை வந்தார். எங்களை இலுப்பை மரம் வரைக்கும் நடத்திக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். அடுத்த வாரம் துறையூர்ச் சந்தையில் சேதி வந்தது: இனிக் கீழ்நாட்டு ஆள் யாரும் மேலே வர வேண்டாம். பாயும் சேர்த்துத்தான்.

ஆவணியில் பாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அத்தர் மணக்கும் கல்யாணப் பத்திரிகை.

"எட்டு நாள்ல என் மவ சுராயாவுக்கு நிக்காஹ். அந்தக் காலத்துல மலையில என்னைப் பாம்பு கடிச்சப்போ வீரமலைதான் தோள்ல சுமந்து துறையூருக்குக் கொண்டாந்தார். இல்லேன்னா எனக்கு ஏது மவ, ஏது கல்யாணம்? நானே மலையேறி வந்து அழைப்பேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நீங்க அடைச்ச கதவு. நீங்களே தெறங்க."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இருவரும் இலுப்பை மரத்தடியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தோம்.

பத்து மணிக்கு விறகுக் கட்டோடு ஒருவர் போனார். எங்களைப் பார்க்கவே இல்லை. பதினோரு மணிக்கு எறும்புகள் என்னைப் பார்த்தன. ஒவ்வொன்றும் சுண்டெலி அளவு. பன்னிரண்டுக்குள் என்னைப் பாதி தூரம் தூக்கிக்கொண்டு போயிருக்கும். எல்லை தாண்டக் கூடாதே என்று இலுப்பை வேரைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மணிக்குப் பாயின் பொறுமை போய்விட்டது.

"ஒரு குரல் குடுத்தா என்ன? என் குரல் அவருக்குத் தெரியும்."

எழுந்தவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "உக்காருங்க பாய். கொள்ளிடம் பாலத்துக்கு மேல, சிக்னல் கைகாட்டி இறங்கி வழி விடாம, வண்டியை எத்தனை தடவை நிறுத்திவெச்சிருக்கேன் தெரியுமா? கண்ணு முன்னால ஸ்ரீரங்கம் கோபுரம். பின்னால எழுநூறு பேர் வசவு. ஒரு சக்கரம் நகர்ந்ததில்ல. அதேதான் இதுவும். அன்னிக்கு நீங்க எல்லைன்னு சொன்னீங்க, எனக்கு உறைக்கல. கைகாட்டின்னு சொல்லியிருந்தா அங்கேயே நின்னிருப்பேன்."

"அப்போ தப்பு என்னுதுங்கறீங்க?"

"பாதி."

பாய் முறைத்தார், ஆனாலும் உட்கார்ந்துவிட்டார்.

வெயில் சாய்ந்த பிறகு வீரமலை வந்தார். கையில் சுரைக்குடுக்கை. அதைத் தராமல் எங்கள் எதிரே உட்கார்ந்தார்.

"விசில் எங்க?"

"வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேங்க. சாமிக்காட்டுல பூட்ஸோட நுழைஞ்சது தப்பு. ஊதினது அதைவிடத் தப்பு. தப்பெல்லாம் என்னோடது, பாயோடது இல்ல. அவரை மட்டுமாவது உள்ள விடுங்க."

"அன்னிக்கு ஓடின ஆடு ரெண்டு இன்னும் வீடு வரல."

"நான் தேடிக் கொண்டாரேங்க."

"வேண்டாம். நீங்க தேடினா மிச்ச ஆடும் போயிடும்."

பின்னாலிருந்த புதர் சிரித்தது. காலையிலிருந்தே நாலைந்து பெண்கள் அங்கிருந்து எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டும், பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். வீரமலை குடுக்கையை முதலில் என்னிடம் நீட்டினார். அந்தத் தண்ணீர் போல ஒன்றை இன்றுவரை நான் குடித்ததில்லை. பாய் பத்திரிகையை இரண்டு கையாலும் கொடுத்தார். வீரமலை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நிக்காஹ் அன்று காலை பந்தல் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வந்தாயிற்று. பாய் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பக்கத்து வீட்டு ஷரபுன்னிசா வந்து சொன்னார்:

"தெருமுனை வேப்பமரத்தடியில பன்னெண்டு பேர் மூட்டையை இறக்கி வெச்சுட்டு உக்காந்திருக்காங்க. வாங்கன்னு சொல்லிப் பார்த்தாச்சு, அசையவே மாட்டேங்கறாங்க. ஏதும் கோவமோ என்னமோ."

பாய்க்கும் எனக்கும் மட்டும் புரிந்தது. பாய் கல்யாணச் சட்டையோடு சர்பத் கூஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் அவருக்கு முன்னால் ஓடினேன். அறுபது வயதில் அப்படி ஓடியதை இன்ஜின் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருக்கும்.

பன்னிரண்டு பேரும் சர்பத் குடித்தார்கள். குடித்துவிட்டும் எழவில்லை. வீரமலை என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"கைகாட்டி இன்னும் இறங்கலியே, டிரைவரே."

வலது கையை நேரே நீட்டி நின்றேன். தெருவே என்னைப் பார்த்தது. மெதுவாக, முறைப்படி, கையைக் கீழே இறக்கினேன்.

வீரமலை முன்னால், தேன்குடங்கள் பின்னால், ஒருவர் பின் ஒருவராக வண்டி புறப்பட்டது.